20 பவுசர் கடல் தண்ணிக்குள்ள ஒரு கடுகு

போன மாசம் வீட்டுக்குப் போயிருந்தப்ப அம்மா ஹட்டன் டவுன்ல வாங்கிட்டு வந்த கட்டாக் கருவாட்டை பேப்பரோட மேசையில வச்சுட்டு, "இதுல ஈயம் இருக்காம், போன்ல யாரோ அனுப்பியிருக்காங்க, நீதான் லெப்புல இருக்கியே, கொண்டு போய் பாத்துட்டு வாயேன் தம்பி"ன்னு சொன்னுச்சு. கடைக்குப் போய் ஒரு தேங்கா வாங்கிட்டு வான்னு சொல்ற மாதிரி. மெஷின்ல போட்டா பத்து நிமிசத்துல தெரிஞ்சிடும்மான்னு நானும் சொல்லியிருக்கலாம், யாரு வந்து கேக்கப் போறா. ஆனா கருவாடு, உப்பு பெக்கட், கடல் தண்ணி, ஊறுகாய்த் தண்ணி, ஏன் நம்ம சிறுநீர் கூட, இந்த உப்புக் கூட்டத்துல எதைக் கொண்டு வந்து குடுத்தாலும் லெப்புல இருக்குற ஆளுக்கு முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும். ஈயம் கொஞ்சமா இருக்குறதுனால இல்ல, கொஞ்சத்தைப் பாக்கத்தானே கோடிக்கணக்குல காசு குடுத்து மெஷின் வாங்கி வச்சிருக்கு, தொல்லை குடுக்குறது அந்த உப்பு. அதை வெளிய அனுப்பிட்டு உலோகத்தை மட்டும் கையில வச்சுக்குற வேலைக்குப் பேரு சொலிட் பேஸ் எக்ஸ்ட்ரெக்ஷன், புத்தகத்துல திண்ம நிலைப் பிரித்தெடுப்புன்னு போடுவாங்க, நாங்க சுருக்கமா கொலம்ல, அதாவது மணி நிரப்புன ஒரு சின்னக் குழாய்ல, ஓட்டுறதுன்னு சொல்லுவோம். அதைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

அப்பா தேயிலை பெக்டரியில ரொம்ப வருசம் வேலை செஞ்சவரு. சின்ன வயசுல அவருக்கு சாப்பாடு கொண்டு போறப்ப சல்லடை ஓடுற இடத்துல ஒரு காந்தம் இருக்குறதைக் காட்டுவாரு. மெஷின் எல்லாம் இரும்பு, உரசி உரசி இரும்புத் தூள் கொஞ்சம் தேயிலையோட கலந்துடும், அந்தத் தூள் தேயிலை காந்தத்தைத் தாண்டிப் போறப்ப இரும்பு மட்டும் மீசை மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்கும், தேயிலை அது பாட்டுக்குப் போய்டும். யாரும் உக்காந்து ஒவ்வொரு தூளா பொறுக்கிப் பாக்குறது இல்ல. கொலம் செய்யுற வேலையும் கிட்டத்தட்ட இதுதான், உப்புத் தண்ணியை மேல ஊத்துனா சோடியமும் குளோரைட்டும் கீழ ஓடிடும், ஈயம், செம்பு, கட்மியம், நிக்கல், நாகம் (சிங்க்) மாதிரி ஆளுங்க மட்டும் உள்ள ஒட்டிக்கிட்டு நிப்பாங்க. பிறகு கொஞ்சூண்டு அசிட் விட்டு அவங்களை இறக்கி எடுத்துக்கிறது. சொல்றதுக்கு ரெண்டு வரி, செய்யுறதுக்கு நாலு வருசம் போயிருக்கு எனக்கு.

முதல்ல எவ்வளவு சின்ன அளவைத் தேடுறோம்னு ஒரு கணக்குப் போட்டுப் பாத்துருவோம். ஆழ்கடல் தண்ணியில ஈயம் லீட்டருக்கு ஒண்ணுலேர்ந்து 30 நெனோகிராம் வரைக்கும் இருக்கும், நடுவுல 10ன்னு வச்சுக்குவோம். ஒரு கடுகு 2 மில்லிகிராம்னு வைங்க. அந்த ஒரு கடுகு எடைக்கு ஈயம் சேரணும்னா ரெண்டு லட்சம் லீட்டர் கடல் தண்ணி வேணும், அதாவது தோட்டத்துக்கு தண்ணி கொண்டு வர்ற பத்தாயிரம் லீட்டர் பவுசர்ல 20 பவுசர். அந்த 20 பவுசர்லயும் கரைஞ்சு கிடக்குற உப்பு எவ்வளவு? லீட்டருக்கு 35 கிராம், மொத்தம் 7 டொன். ஏழு டொன் உப்புக்குள்ள ஒரு கடுகு. நம்ம பக்கம் உப்புன்னா கட்ட சம்பலுக்கும், கொழுந்து எடுக்கப் போறவங்க கால்ல ஏறுற அட்டைக்கும் தான் ஞாபகம் வரும், அது இப்படி ஒரு மலை மாதிரி குறுக்க நிக்கும்னு கெம்பஸ் போற வரைக்கும் எனக்கும் தெரியாது.

சரி, உப்பு அப்படி என்னதான் பண்ணுது? ஐசிபி-எம்எஸ்னு ஒரு மெஷின், இன்னிக்கு உலோகம் அளக்குறதுல அதுதான் ராஜா. ஆர்கன் வாயுவை 6000 டிகிரிக்கு மேல சூடாக்கி, அதுக்குள்ள தண்ணியை புகை மாதிரி அனுப்பி, அணுக்களை அயனாக்கி, ஒவ்வொண்ணோட திணிவையும் பாத்து எண்ணும். சூரியனோட மேல்பக்கத்தை விட சூடு. ஆனா அவ்வளவு சூட்டுலயும் உப்பு உப்புதான், அயன் உள்ள போற கோன்ல ஒரு மில்லிமீட்டர் அளவு ஓட்டை தான் இருக்கு, அதோட வாயில வெள்ளையா படிய ஆரம்பிச்சுடும். காலையில 100ன்னு காட்டுன அதே தண்ணி மத்தியானம் 70, சாயந்தரம் 50ன்னு காட்டும், தண்ணி மாறல, ஓட்டை அடைச்சிருக்கு. அதனாலதான் கரைஞ்ச உப்பு நூத்துக்கு 0.2க்கு மேல போகக் கூடாதுன்னு மெஷின்காரங்க சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கடல் தண்ணி நூத்துக்கு 3.5. அது போக, உள்ள போன சோடியம் அயன்கள் கூட்டமா இருந்து மத்த அயன்களை ஓரமா தள்ளிவிடும், திருவிழாக் கூட்டத்துல சின்னப் பிள்ளை மாட்டிக்கிட்ட மாதிரி.

இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு, அது பொய் சொல்றது. மெஷினுக்குத் திணிவு மட்டும் தான் தெரியும், ஆள் யாருன்னு தெரியாது. ஆர்கன் 40, சோடியம் 23, ரெண்டும் பிளாஸ்மாவுல, அதான் அந்தச் சூடான ஆர்கனுக்குள்ள, கைகோத்துக்கிட்டா 63. செம்பும் 63. ஆர்கன் 40, குளோரின் 35, சேந்தா 75, ஆசனிக் 75. குளோரின் 35, ஒக்சிஜன் 16, கூட்டுனா 51, அது வனேடியம். சுத்தமான உப்பையும் சுத்தமான தண்ணியையும் கலந்து குடுத்தா கூட மெஷின் செம்பு இருக்கு, ஆசனிக் இருக்குன்னு நம்பர் போட்டுக் குடுக்கும், அதுவும் மூணு தசம ஸ்தானத்தோட. மூணு தசம ஸ்தானத்தைப் பாத்தாலே நம்ம ஆளுங்க கையெடுத்துக் கும்பிட்டுடுவாங்க. ஹீலியம் விட்டு அந்தப் போலி ஜோடிகளை வடிகட்டுற வசதி இப்ப வர்ற மெஷின்கள்ல இருக்கு, உண்மைதான், ஆனா உப்பு படியுறதையும் தள்ளிவிடுறதையும் ஹீலியம் சரி பண்ணாது.

ஐசிபி இல்லாத இடத்துல கிரபைட் பேர்னஸ் வச்ச ஏஏஎஸ் இருக்கும், உலோக ஆவி எவ்வளவு வெளிச்சத்தைக் குடிக்குதுன்னு பாத்து அளக்குற மெஷின், நம்ம நாட்டுல நெறைய லெப்புல அதுதான் ஓடிக்கிட்டு இருக்கு. சின்ன கரிக்குழாய்க்குள்ள ஒரு சொட்டு விட்டு படிப்படியா சூடாக்குறது. இங்க உப்பு புகையாகி வெளிச்சத்தை மறைக்கும், ஈயம் இருக்கா புகை இருக்கான்னு பிரிச்சுப் பாக்க முடியாது. உப்பை முதல்லயே ஆவியாக்கி அனுப்பிடலாமேன்னா அது கொதிக்க 1400 டிகிரிக்கு மேல வேணும், அதுக்கு ரொம்ப முந்தியே கட்மியமும் ஈயமும் பறந்து போயிருக்கும். 1970கள்லயே இதுக்கு ஒரு அழகான குறுக்கு வழி கண்டுபிடிச்சாங்க, அமோனியம் நைட்ரேட் கொஞ்சம் சேத்துட்டா சோடியம் குளோரைட் ஆள் மாறி சோடியம் நைட்ரேட்டும் அமோனியம் குளோரைட்டும் ஆகும், ரெண்டும் 400 டிகிரிக்குள்ளயே கழண்டு போய்டும். ஏஎல்ல படிச்ச இரட்டைப் பிரிகை தான், இவ்வளவு பிரயோசனமா இருக்கும்னு அப்ப யாரும் சொல்லித் தரல. இருந்தாலும் 20 பவுசர் கணக்குக்கு முன்னாடி இதுவும் எடுபடாது.

தண்ணி ஊத்திக் கலக்கிட்டா போச்சேன்னு கேப்பீங்க. சில நேரம் அதுவே போதும், அதை நேர்மையா சொல்லணும். சாப்பாட்டு உப்புக்கு கோடெக்ஸ்ங்கிற உலக உணவுத் தரத்துல ஈயத்தோட எல்லை முந்தி கிலோவுக்கு 2 மில்லிகிராம்னு இருந்துச்சு, பிறகு 1ன்னு குறைச்சாங்க, கட்மியத்துக்கு 0.5. எல்லையில நிக்கிற ஒரு உப்பை எடுத்து லீட்டருக்கு 2 கிராம்னு கரைச்சா அதுல ஈயம் 2 மைக்ரோகிராம் இருக்கும், ஐசிபி-எம்எஸ் தூக்கத்துலயே அதைப் படிச்சுடும். 2025 தொடக்கத்துல மழையால உப்பு விளைச்சல் கெட்டு இந்தியாவுலேர்ந்து உப்பு கொண்டு வந்தாங்களே, அந்த மாதிரி நேரத்துல ஒரு பெக்கட் எல்லைக்கு மேலயா கீழயான்னு மட்டும் பாக்கணும்னா கலக்கிட்டுப் பாத்தா போதும், இதுக்குப் போய் கொலம் போடுறவன் நேரத்தை வீணாக்குறான். ஆனா எல்லைக்குக் கீழ உண்மையிலேயே எவ்வளவு இருக்கு, இந்த உப்பளத்துக்கும் அந்த உப்பளத்துக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா கலக்குறது கைகொடுக்காது. கடல் தண்ணின்னா சுத்தமா முடியாது, 20 மடங்கு கலக்குனா உப்பு சரியாயிடும், 10 நெனோகிராம் ஈயம் அரை நெனோகிராமாகி எங்கயோ காணாமப் போயிருக்கும். கையில சாதாரண நெருப்பு ஏஏஎஸ் மட்டும் தான் இருக்குன்னா அப்பவும் கொலம் தான் கதி, அதுக்கு ஈயம் லீட்டருக்குப் பத்து இருபது மைக்ரோகிராமுக்குக் கீழ போனா கண்ணே தெரியாது.

கொலத்துக்குள்ள என்ன இருக்கு? பாக்க ஜவ்வரிசியை இன்னும் பொடியாக்குன மாதிரி வெள்ளை மணி, ரெசின்னு சொல்றது. பிளாஸ்டிக் மணி தான், ஆனா ஒவ்வொண்ணோட உடம்புலயும் குட்டிக் குட்டியா கை முளைச்சிருக்கும், நடுவுல ஒரு நைதரசன், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கார்பொக்சிலேட், இமினோடைஅசிடேட்னு பேரு. உலோக அயன் வந்தா மூணு பக்கத்துலேர்ந்தும் கவ்விப் பிடிக்கும். இப்படிப் பிடிக்கிறதுக்கு கீலேட்னு 1920ல பேரு வச்சாங்க, கிரேக்கத்துல நண்டோட கொடுக்குன்னு அர்த்தம். லயத்துக்குப் பின்னாடி ஓடையில கல்லைப் புரட்டி நண்டு பிடிச்சவனுக்கு இதை விளக்கவே தேவையில்ல, விரல்ல ஒருக்கா கடி வாங்குனா போதும். உங்க குசினியிலயே இதைப் பாக்கலாம். துருப்பிடிச்ச கேத்தல்ல கொதிக்க வச்ச தண்ணியில தேத்தண்ணி ஊத்துனா சிவப்பா வராம கறுத்துப் போய் நிக்கும்ல, அம்மாமாரு தண்ணி சரியில்லன்னு திட்டுவாங்க, அது தேயிலையில இருக்குற பொலிபீனோல் இரும்பைக் கவ்விக்கிட்ட நிறம். தேயிலைச் சக்கையை வச்சே ஈயத்தையும் செம்பையும் தண்ணியிலேர்ந்து பிடிக்கலாம்னு உலகத்துல நெறைய ஆராய்ச்சி நடந்திருக்கு, தண்ணியைச் சுத்தம் பண்றதுக்கு அது நல்லா இருக்கலாம், அளக்குறதுக்கு நான் நம்ப மாட்டேன், சக்கையே கொஞ்சம் உலோகத்தை வச்சிருக்கும்.

கொடுக்குக்கு எல்லார் மேலயும் ஒரே ஆசை கிடையாது. செம்பைக் கண்டா விடாது, நிக்கல், ஈயம், நாகம், கட்மியம் எல்லாம் நல்லாவே பிடிக்கும், மங்கனீசை அரை மனசோட, கல்சியம், மக்னீசியத்தை சும்மா ஒப்புக்கு, சோடியத்தைக் கிட்டத்தட்ட கண்டுக்கவே கண்டுக்காது. இந்த வித்தியாசத்துலதான் மொத்த வேலையும் நிக்குது. ஆனா எல்லாத்துக்கும் மேல பிஎச், தண்ணியோட புளிப்பைச் சொல்ற அளவு, குறைஞ்சா புளிப்பு கூட. தண்ணி ரொம்ப புளிப்பா இருந்தா ஐதரசன் அயனே எல்லாக் கொடுக்குலயும் ஏறி உக்காந்துடும், உலோகத்துக்கு இடம் இருக்காது. ரொம்ப மேல போனா இரும்பு ஐதரொக்சைட்டாகி கொலம் மேலயே சேறு மாதிரி அடைக்கும். 5லேர்ந்து 6க்குள்ள பெரும்பாலான ஆளுங்க ஒத்துவருவாங்க. கீழ இறக்குறதும் இதே சூட்சுமம் தான், ரெண்டு மோலார் நைட்ரிக் அசிட் விட்டா ஐதரசன் கூட்டமா வந்து எல்லாரையும் தள்ளி இறக்கிவிட்டுடும்.

ஒரு ஓட்டத்தை அப்படியே சொல்றேன், உப்பு பெக்கட்டை வச்சே. 10 கிராம் உப்பை 100 மில்லிலீட்டர் தண்ணியில கரைச்சு, அமோனியம் அசிடேட் சேத்து, அமோனியாவை சொட்டுச் சொட்டா விட்டு பிஎச்சை 5.5க்குக் கொண்டு வரணும். பிஎச் மீட்டரோட கண்ணாடிக் கோலை உள்ள விடவே கூடாது, அதுவே அழுக்கு, ஒரு சொட்டைத் தனியா எடுத்து வெளிய பாக்கணும். கொலத்தை முதல்ல அசிட்ல கழுவி, பிறகு தண்ணியில, பிறகு அதே அசிடேட் கரைசல்ல நனைச்சு வைக்கணும். இப்ப மாதிரியை விடுங்க, நிமிசத்துக்கு 2 மில்லிலீட்டர், அம்பது நிமிசம் ஆகும், பொறுமை இல்லாம வேகமா இழுத்தா கொடுக்கு மூடுறதுக்குள்ள உலோகம் தாண்டி ஓடிடும். எல்லாம் ஓடுனதுக்குப் பிறகு அசிடேட் கரைசல்லயும் தண்ணியிலயும் கழுவணும். கழுவுனது போதுமான்னு பாக்க நான் செய்யுற ஒரு பழைய வேலை, கீழ விழுற தண்ணியில ஒரு சொட்டை எடுத்து அதுல ஒரு சொட்டு சில்வர் நைட்ரேட் விடுவேன், பால் மாதிரி கலங்குனா இன்னும் குளோரைட் இருக்கு, தெளிவா நின்னா சரி. கடைசியா 5 மில்லிலீட்டர் அசிட், அவ்வளவுதான். அந்த உப்புல கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் ஈயம் இருந்துச்சுன்னு வைங்க, 10 கிராம்ல அரை மைக்ரோகிராம், உப்புத் தண்ணியா இருந்தப்ப லீட்டருக்கு 5 மைக்ரோகிராம், இப்ப 5 மில்லிலீட்டருக்குள்ள அடைஞ்சு லீட்டருக்கு 100. இருபது மடங்கு கூடிடுச்சு, உப்பும் போயிடுச்சு. பழைய நெருப்பு ஏஏஎஸ்ஸே படிச்சுடும்.

புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்துறதை விட மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கொஞ்சம் கலந்த உப்புத் தண்ணியை ஒருக்கா ஓட்டிக் காட்டுறது நல்லது. வெள்ளை ரெசின் தலையில நீலமா ஒரு மோதிரம் விழும். மேல எவ்வளவு உப்புத் தண்ணி ஊத்துனாலும் அந்த மோதிரம் அசையாது, கீழ சொட்டுறது பச்சைத் தண்ணி மாதிரி நிறமே இல்லாம சொட்டும். அசிட் விட்ட உடனே மோதிரம் மெதுவா கீழ இறங்கி வந்து கடைசியில ஒரு சில சொட்டு மட்டும் நீலமா விழும். வேகமா இழுத்த கொலத்துல மோதிரம் இருக்காது, மேலேர்ந்து கீழ வரைக்கும் சாயம் இழுவுன மாதிரி இருக்கும். நான் நாலு தடவை வாசிச்சும் மண்டையில ஏறாதது அந்த ஒரு நீல வளையத்தைப் பாத்த அன்னிக்கு ஏறுச்சு.

இதுக்கு பம்ப் வச்ச பெரிய செட்டப் எல்லாம் இருக்கு, மெஷினோட நேரா இணைச்சு தானா ஓடுறதும் இருக்கு. ஆனா போத்தலை மேல தொங்கவிட்டு, ஆஸ்பத்திரியில சேலைன் ஏத்துற மாதிரி தானா சொட்டவிட்டாலும் வேலை நடக்கும். 2022ல ஒரு கட்டத்துல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனாங்களே, அப்ப பம்ப் வச்சிருந்தவங்க கொலம் காஞ்சு, ரெசினுக்கு நடுவுல வெடிப்பு விழுந்து, தண்ணி அந்த வெடிப்பு வழியாவே ஓடி மொத்தமும் நாசம், தொங்கவிட்டிருந்தது மட்டும் இருட்டுக்குள்ளயும் சொட்டிக்கிட்டே இருந்துச்சு.

காந்தத்துக்கும் கொலத்துக்கும் ஒரு வித்தியாசம் சொல்லாம விட்டுட்டேன். காந்தத்துக்கு தேயிலை மேல துளி ஆசையும் இல்ல, ஆனா கொடுக்குக்கு கல்சியம், மக்னீசியம் மேல கொஞ்சூண்டு இருக்கு, கடல் தண்ணியிலயோ மக்னீசியம் லீட்டருக்கு 1.3 கிராம் கிட்ட, கல்சியம் 0.4 கிராம். கொஞ்சூண்டு ஆசையும் அவ்வளவு பெரிய கூட்டமும் சேந்தா கொலம் நிறைஞ்சு போகும். கீலெக்ஸ்-100ன்னு ஒரு ரெசினை வச்சு ரைலியும் டெய்லரும் கடல் தண்ணியில உலோகத்தைப் பிடிச்சது 1968ல, ஆனா கல்சியமும் மக்னீசியமும் கூடவே வந்து அளக்குறதைக் கெடுத்துச்சு. அமோனியம் அசிடேட்டால கழுவுனா அந்த ரெண்டும் கழண்டுடும், மத்தது நிக்கும்னு கிங்ஸ்டனும் கூட்டாளிகளும் 1978ல காட்டுனாங்க, நான் மேல சொன்ன கழுவுறது அங்கேர்ந்து வந்ததுதான். கீலெக்ஸுக்கு இன்னொரு கெட்ட பழக்கம், அசிட் பட்டா சுருங்கும், திரும்ப நனைச்சா ஊதும், ஒவ்வொரு ஓட்டத்துலயும் கொலத்தோட உயரமே மாறும். பிறகு ஜப்பான்காரங்க ஈடிடிஏன்னு பேர் போன கீலேட் மருந்தோட சொந்தக்காரன் மாதிரி ஒரு கொடுக்கு வச்ச நோபியாஸ் ரெசினைக் கொண்டு வந்தாங்க, அது கல்சியம் மக்னீசியத்தை அவ்வளவா சட்டை பண்ணாது, சோரினோட குழு 2008ல அதுலயே ஈயம், கட்மியம், செம்பு, நாகம், இரும்புன்னு ஒம்பது உலோகத்தை பிஎச் 6ல ஒரே ஓட்டத்துல எடுத்துக் காட்டுனாங்க. இன்னிக்கு கடல் ஆராய்ச்சிக்காரங்க கையில நெறைய இருக்குறது அதுதான்.

எதைப் பிடிக்காதுன்னும் தெரிஞ்சிருக்கணும், இங்கதான் நெறைய பேர் வழுக்கி விழுறாங்க. ஆசனிக் தண்ணியில எதிர் ஏற்றத்தோட, ஒக்சிஜனை சுத்திக் கட்டிக்கிட்டு இருக்கும், இந்தக் கொடுக்கு அதைத் தொடவே தொடாது. ஆறாம் நிலைக் குரோமியமும் அப்படித்தான். பாதரசத்துக்கு வேற வழி, குளிர் ஆவி முறை. ஆசனிக்னா ஐதரைட்டா மாத்தி வாயுவா எடுக்கணும், இல்லன்னா ஹீலியம் வச்ச ஐசிபி. இதை ஏன் அழுத்திச் சொல்றேன்னா நம்ம நாட்டுல காரணம் தெரியாத சிறுநீரக நோய்னு 1990கள்லேர்ந்து வடமத்திய மாகாணத்துல பேசிக்கிட்டு இருக்காங்க, பதுளை மாவட்டத்துல கிராந்துருக்கோட்டைப் பக்கமும் இருக்கு, கட்மியம்னு ஒரு காலம், ஆசனிக்னு ஒரு காலம் சந்தேகப்பட்டாங்க, இன்னும் முடிவா ஒரு காரணம்னு எல்லாரும் ஒத்துக்கல. இதுல பாக்குறதுல ஒண்ணு சிறுநீர், அதுல லீட்டருக்குப் பல கிராம் உப்பு இருக்கும், ஆர்கனும் குளோரினும் சேந்து 75ன்னு காட்டுற இடமும் அதுதான். ஒரு நம்பரைப் பாத்த உடனே தலைப்பு போடாம, குளோரைட்டை என்ன பண்ணீங்கன்னு ஒரு கேள்வி கேக்குறது நோயாளிக்குச் செய்யுற மரியாதை.

உப்பை விரட்டியாச்சு, இப்ப மிச்சம் இருக்குற எதிரி யாருன்னா நாமதான். ஒண்ணுமே இல்லாத சுத்தத் தண்ணிக்கும், மாதிரிக்குச் செய்யுற எல்லாச் சடங்கும் செஞ்சு கொலம்ல ஓட்டிப் பாக்கணும், அதுக்குப் பேரு பிளேங்க். அது பூச்சியம் வரணும், ஒரு நாளும் வராது. போத்தல்லேர்ந்து, அசிட்லேர்ந்து, அசிடேட்லேர்ந்து, காத்துல இருக்குற தூசிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சம் வந்து சேரும். நான் முந்தி இருந்த ஒரு லெப்புல நாகத்தோட பிளேங்க் ஒரு திங்கக்கிழமையிலேர்ந்து பத்து மடங்கு ஏறிடுச்சு. ரெசின் பழுதுன்னு மாத்துனோம், அசிட் போத்தலை மாத்துனோம், தகரக் கூரையிலேர்ந்து நாகம் தூசியா வருதோன்னு ஜன்னலுக்கெல்லாம் பொலித்தீன் ஒட்டுனோம், சீனியர் ஒருத்தர் என்னைச் சந்தேகப்பட்டு தலைக்கு எண்ணெய் வைக்காம வான்னாரு. ஒன்றரை வாரம். கடைசியில பாத்தா கையுறை. வழக்கமா வர்ற பெட்டி முடிஞ்சு பவுடர் போட்ட கையுறை வந்திருக்கு, அந்தப் பவுடர்ல நாகம். ஒவ்வொரு தடவையும் சுத்தமா இருக்கணும்னு கையுறையை மாத்தி மாத்திப் போட்டோம்ல, அதுதான் அழுக்கை ஏத்திக்கிட்டே இருந்திருக்கு. கலர் போட்ட பிப்பெட் டிப்பும் இப்படித்தான், சாயத்துலயே உலோகம் இருக்கும்.

இந்த விசயத்துல பெரிய பாடம் எடுத்தவரு கிளேர் பெட்டர்சன். ஈய ஐசோடோப்பை அளந்து பூமிக்கு வயசு 455 கோடி வருசம்னு 1956ல சொன்ன மனுசன். அந்தக் கணக்கைச் செய்யப் போன இடத்துலதான் லெப் முழுக்க ஈயம் இருக்குறதைக் கண்டாரு, சுவர்ல, தூசியில, ஆள் தலைமுடியில. எல்லாத்தையும் சுத்தம் பண்ணி ஒரு லெப்பையே புதுசா கட்டிட்டு, பிறகு கடல் தண்ணியையும் பனிக்கட்டியையும் அளந்தாரு. அதுவரைக்கும் மத்தவங்க சொன்ன கடல் ஈய நம்பர்ல பெரும்பகுதி கடலோடது இல்ல, அவங்கவங்க லெப்போடதுன்னு தெரிஞ்சுச்சு. பெட்ரோல்ல போட்ட ஈயம் தான் ஊரெல்லாம் பரவிக் கிடக்குன்னு அவர் போட்ட சண்டையும் இதுலேர்ந்து வந்ததுதான், நம்ம நாட்டுல ஈயப் பெட்ரோல் நின்னது 2002ல. சுத்தமா அளக்கப் பழகுனதுக்குப் பிறகுதான் கடலுக்குள்ள ஒரு ஒழுங்கு இருக்குறதே கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, 1976ல பொயிலும் கூட்டாளிகளும் கட்மியம் அப்படியே பொஸ்பேட் கூடவே ஏறி இறங்குதுன்னு காட்டுனாங்க, அதுக்கு முந்தி வந்த நம்பர்கள்ல அந்த மாதிரி எந்தக் கோலமும் இல்ல, சிதறிப் போய்க் கிடந்துச்சு.

இன்னொரு பொறி ரிகவரி. மாதிரியில தெரிஞ்ச அளவு ஈயத்தையோ செம்பையோ கலந்து ஓட்டி, போட்டது அவ்வளவும் திரும்பி வருதான்னு பாக்குறது. நூத்துக்கு 98 வந்துச்சுன்னு எல்லாரும் சந்தோசமா எழுதுவாங்க. ஆனா நீங்க போட்டது சும்மா நிக்கிற அயன், கொடுக்கு உடனே பிடிச்சுடும். மாதிரிக்குள்ள ஏற்கனவே இருந்த செம்பு எங்க இருக்கு? கடல் தண்ணியில செம்போட நூத்துக்கு 99க்கு மேல ஏதோ ஒரு சேதனப் பொருள் ஏற்கனவே கவ்வி வச்சிருக்கும், ஒரு நண்டு பிடிச்சு வச்சிருக்குறதை இன்னொரு நண்டு பறிக்கணும். அது பறிக்காம விட்டாலும் உங்க 98 அப்படியே 98ஆ தான் இருக்கும். அதனாலதான் அசிட் போட்டு ரொம்ப நாள் வைக்கிறதும், யூவி வெளிச்சத்துல வச்சு அந்தச் சேதனத்தை எரிக்கிறதும். ரிகவரியை மட்டும் காட்டி முறை சரின்னு சொல்றவங்களை நான் நம்புறது இல்ல, கனடாவுல நாஸ், காஸ்னு அளவு தெரிஞ்ச கடல் தண்ணியைப் போத்தல்ல விக்கிறாங்க, அதை ஓட்டி நம்பர் ஒத்து வந்தா பேசலாம். விலை தான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.

கருவாடுன்னா நண்டுக்கு முந்தி மீனையே கரைக்கணும். அரை கிராம் எடுத்து நைட்ரிக் அசிட், ஐதரசன் பெரொக்சைட் விட்டு மைக்ரோவேவ்ல மூடி வச்சு கரைச்சு 50 மில்லிலீட்டராக்குறது. ஐரோப்பாவுல மீன் சதைக்கு ஈய எல்லை கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், அது பச்சை மீனுக்கு, காஞ்சதுக்கு தண்ணி போன அளவைக் கணக்குல எடுக்கணும். அந்த எல்லையில நிக்கிற அரை கிராம் கரைசல்ல லீட்டருக்கு 3 மைக்ரோகிராம் வரும், ஐசிபிக்கு அது தாராளம், ஆனா நல்லா உப்புப் போட்ட கருவாட்டுல பத்துல ஒரு பங்கு உப்பாவே இருக்கலாம், அசிட்டும் நெறைய இருக்கும், ஏஏஎஸ் மட்டும் தான் கையில இருக்குன்னா அமோனியாவால பிஎச்சை ஏத்தி கொலம்ல விடணும்.

அம்மாவோட கருவாட்டுல ஒரு துண்டை பைக்குள்ள போட்டு எடுத்துட்டுத்தான் வந்தேன், வேலை முடிஞ்ச நேரத்துல மூணு தடவை ஓட்டிப் பாத்தேன். போன வாரம் போன் எடுத்து, "ஈயம் பிளேங்கை விட கொஞ்சம் தான் கூட, எல்லைக்கு ரொம்பக் கீழம்மா"ன்னு சொன்னேன்.

"அப்பிடின்னா இருக்கா, இல்லையா?"

"இருக்கும்மா, ஆனா அது கருவாட்டுதா என்னோடதான்னு உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல."

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. பிறகு, "சரி சரி, நான் எப்பவும் சுடுதண்ணியில ரெண்டு தரம் ஊற வச்சு உப்பை ஊத்திட்டுத்தானே பொரிக்கிறேன்"னு சொல்லிட்டு போனை வச்சுடுச்சு.